விளையாட்டில் வாங்கிய மனை யாருக்குச் சொந்தம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 33. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சி அருகே ஒரு தென்னை நார் மில்லில் கணக்கு எழுதுகிறார். ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் ஆன்லைன் மெய்நிகர் உலகம் ஒன்றில் இருப்பது இவருடைய பொழுதுபோக்கு. அங்கே மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார். கசவுப் புடவை, பாவாடை தாவணி, ஜிமிக்கி என்று தானே வரைந்த உடுப்புகளையும் நகைகளையும் அந்த உலகத்து நாணயத்துக்கு மற்றவர்களுக்கு விற்கிறார். மூன்று வருஷத்தில் மனைக்கும் வீட்டுக்கும் மட்டும் சுமார் ₹38,000 போட்டிருக்கிறார்.

ஐந்து மாதம் முன்பு கோயம்புத்தூர்க்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒரு தரகரிடம் டெலிகிராம் மூலமாக, பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ₹14,500க்கு நாணயம் வாங்கினார். அதில் கொஞ்சத்தை ஒரு தோழிக்குக் கொடுத்து ₹2,000 பெற்றுக்கொண்டார். ஒன்பதாம் நாள் நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டது. தரகர் ஆளைக் காணோம். போனிலிருந்து ஆப்பை நீக்கிய பிறகும் மாதச் சந்தா ₹899 நான்கு முறை போய்விட்டது. இதற்கு நடுவில் மூன்று வாரம் முன்பு ஓணம் லீவுக்கு வந்த நாத்தனார் மகன், 13 வயதுப் பையன், இவருடைய போனில் வேறொரு கேமில் ₹6,720க்குப் பொருள் வாங்கிவிட்டான்.

"காசு கொடுத்து வாங்கிய மனை என்னுடையதுதானே, அதை எப்படிப் பிடுங்கலாம்? ஆன்லைன் கேமுக்குத் தடை என்கிறார்களே, போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களா? சின்னப் பையன் வாங்கியது செல்லாது என்று பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? வழக்கு பாலக்காட்டிலா, கோயம்புத்தூரிலா? வீட்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது" என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் எல்லாவற்றையும் ஒரே இழப்பாகப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறீர்கள். உண்மையில் இவை நான்கு தனித்தனி விஷயங்கள். எதிராளி வேறு, சட்டம் வேறு, பணம் திரும்பி வரும் வாய்ப்பும் வேறு. ஒரே புகாரில் நான்கையும் கொட்டினால் எதுவும் நிற்காது. பிரித்துக்கொண்டால் ஒன்றிரண்டில் உங்கள் கை ஓங்கியே இருக்கிறது.

மனை உங்களுடையது அல்ல

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கோபம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நீங்கள் வாங்கியதைப் பட்டா நிலமாக நினைக்கிறீர்கள். ஒப்பந்தத்தின்படி அது லாட்ஜ் அறை. கணக்குத் தொடங்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்திய விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். நாணயம், மனை, உடுப்பு எல்லாமே வரையறுக்கப்பட்ட, திரும்பப் பெறக்கூடிய பயன்பாட்டு உரிமம் என்றுதான் இருக்கும். "பை" என்று பொத்தானில் போட்டிருந்தாலும் நடப்பது விற்பனை அல்ல.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஓர் அமெரிக்க வழக்கறிஞர் வாங்கிய மனைகளையும் கணக்கையும் நிறுவனம் முடக்கியது. அவர் வழக்குப் போட்டார். 2007இல் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை ஒருதலைப்பட்சமானது என்று சொல்லி அதை ஏற்க மறுத்தது. ஆனால் வழக்கு அதன்பின் சமரசத்தில் முடிந்ததால், மனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை. 2014இல் வெளிவந்த தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் விளையாட முடியவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் அதே ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது: உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று போடக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

ஆகவே "என் சொத்தைத் திருப்பிக் கொடு" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வாதத்தை முடித்துவிடும். "நான் பணம் கொடுத்த நுகர்வோர். சரியான காரணம் சொல்லாமல், என் விளக்கத்தைக் கேட்காமல் சேவையை நிறுத்தினீர்கள். நிறுத்திய பிறகும் சந்தா பிடித்தீர்கள். இது சேவைக் குறைபாடு" என்று எழுதுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இலவசமாகத் தரப்படும் சேவையைச் சேர்ப்பதில்லை. காசு கட்டாமல் ஆடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மாதம் ₹899 கட்டிய உங்களுக்கு இருக்கிறது. அந்த ரசீதுகள்தான் உங்கள் அடித்தளம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் உடுப்பு விற்றதைக் காட்டி, "இவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்று அவர்கள் வாதாடலாம். பொழுதுபோக்குக்காக ஆடினேன், பிழைப்பு மில் வேலைதான் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்லி, சம்பளச் சீட்டு ஒன்றை இணைத்துவிடுங்கள்.

தடைச் சட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

2025ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் வைத்து, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் விளையாட்டை. நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்கிறவர் ஆகியோருக்குத்தான் அதில் தண்டனை. ஆடுகிறவருக்கு அல்ல. சந்தா கட்டிப் பொழுதுபோக்குக்காக இருக்கும் மெய்நிகர் உலகம் வேறு வகை. தமிழ்நாட்டின் 2022 சட்டமும் சூதாட்டத்தையும் பணம் வைத்து ஆடுவதையும் குறிவைத்ததுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஓரத்தில், அந்த உலகத்துக்குள்ளேயே "லக்கி வீல்" சுற்றி நாணயம் ஜெயித்ததாக ஒரு வரி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய நாணயத்தைப் பந்தயம் வைத்து, ஜெயித்ததை மறுபடி காசாக்க முடிந்தால் அது அந்தத் தடையின் எல்லைக்குள் வந்துவிடும். பணம் என்பதற்குப் பதிலாக நாணயம், டோக்கன் என்று பெயர் மாற்றினால் தப்பிக்க முடியாதபடிதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. செகண்ட் லைஃப்கூட 2007லேயே தன் உலகத்துக்குள் சூதாட்டத்தைத் தடை செய்தது. அந்தச் சக்கரத்தின் பக்கம் இனிப் போகாதீர்கள்.

போலீசிடம் நீங்கள் ஏமாற்றப்பட்டவராகத்தான் போகிறீர்கள். தைரியமாகப் போகலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: சந்தாவை நிறுத்துவது

ஆப்பை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்தீர்கள். படித்தவர்கள், கணக்கு வழக்கு பார்க்கிறவர்கள் உட்பட நிறையப் பேர் விழும் குழி இது. ஆப் என்பது போனில் இருக்கும் ஒரு நிரல். சந்தா என்பது உங்கள் பேருக்கு ப்ளே ஸ்டோரிலும் வங்கியிலும் பதிவாகியிருக்கும் அனுமதி. ஒன்றை அழித்தால் மற்றது அழியாது.

ப்ளே ஸ்டோரைத் திறந்து வலது மேல்மூலையில் உங்கள் படத்தைத் தொடுங்கள். பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். அங்கே அந்தச் சந்தாவைத் தேர்ந்து ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததற்கு மெயில் வரும், அதை வைத்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால், எந்தக் கணக்கில் வாங்கினீர்களோ அதற்கு மாறித்தான் பார்க்க வேண்டும். "சந்தா எதுவும் இல்லை" என்று காட்டுகிறது என எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, பணம் போகும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். வரிசை முக்கியம். வங்கி அனுமதியை மட்டும் வெட்டிவிட்டுச் சந்தாவை விட்டுவைத்தால், அது நிலுவையில் இருக்கிறது என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பின் நம்பரைக் கேட்காமலேயே எப்படி எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் ஒரு முறை கொடுத்த அனுமதியின் பேரில், ₹15,000 வரையிலான தொடர் கட்டணங்களை ஒவ்வொரு முறையும் பின் அல்லது ஓடிபி இல்லாமல் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் இரண்டிலும் தேடிப் பாருங்கள். வந்திருக்கவில்லை என்றால் வங்கிக்கு எழுத அது தனிக் காரணம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கட்டணமின்றி முறையிடலாம்.

கணக்கை முடக்கிவிட்டு, அதே கணக்குக்கு நான்கு மாதம் சந்தா எடுத்தது, மொத்தம் ₹3,596, உங்கள் நான்கு விஷயங்களிலும் பலமானது. சேவையே இல்லாமல் காசு வாங்கியதற்கு எந்த விதிமுறையும் துணைக்கு வராது. ரத்து செய்யும் பொத்தானை எளிதில் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்திருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. சேருவதைச் சுலபமாக்கி, வெளியேறுவதைச் சிக்கலாக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. எத்தனை திரைகளைக் கடந்து ரத்து செய்ய வேண்டியிருந்தது என்பதை, ரத்து செய்யும்போதே ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கில் பிடித்துவிடுங்கள். பிறகு அந்தத் திரை மாறிவிடும்.

தரகரிடம் போன பணம்

இங்கே உங்களுக்கு ஆறுதல் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. ₹14,500 திரும்பி வருவது கடினம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டிருந்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்தது. ஐந்து மாதத்தில் அது பல கைகள் மாறியிருக்கும். நீங்களே பின் போட்டு அனுப்பியதால், அனுமதியில்லாத பரிவர்த்தனைக்கு வங்கி ஈடு தரும் விதியும் இதற்குப் பொருந்தாது.

பாதி விலைக்கு நாணயம் எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய நாணயம், அல்லது வேறொருவர் கணக்கை உடைத்து எடுத்த நாணயம். கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போகிறது. நிறுவனம் அந்த நாணயம் எங்கெங்கே போனது என்று தடம் பிடித்து வந்து, கடைசியாக வைத்திருப்பவரை முடக்குகிறது. அந்தத் தடத்தின் முடிவில்தான் நீங்கள் இருந்தீர்கள்.

பணம் வராது என்றாலும் புகார் அவசியம். நிறுவனத்திடம் முறையிட, "நான் மோசடி செய்யவில்லை, மோசடி செய்யப்பட்டேன்" என்பதற்கு அந்தப் புகார் எண் சான்று. நாளைக்குத் தரகர் பிடிபட்டு, அவருடைய கணக்கில் பணம் போட்டவர்கள், வாங்கியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வந்தாலும் அதே எண் உங்களைக் காக்கும். இன்னொன்று, தோழியிடம் வாங்கிய ₹2,000. தொகை சின்னதுதான். ஆனால் இப்படிக் கைமாறும் பணத்தில் எங்கோ ஒரு மாநிலத்தில் புகார் விழுந்தால், அங்கிருந்து வரும் ஒரு கடிதத்தில் உங்கள் வங்கிக் கணக்கே முடங்கலாம். சம்பளம் வரும் கணக்கு அது. தோழிக்கு அந்த ₹2,000ஐத் திருப்பி அனுப்பி, எதற்காக என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள். இனி நாணயத்தைக் காசுக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

சான்றுகளைச் சேகரிக்கும் போது கவனம் தேவை. டெலிகிராமில் எதிராளி நினைத்தால் இருவர் போனிலிருந்தும் பழைய செய்திகளை அழிக்க முடியும். அதனால் புகார் எழுதும் முன் கம்ப்யூட்டரில் டெலிகிராமைத் திறந்து அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அவருடைய பயனர் பெயரும் போன் நம்பரும் தெரியும்படி மேலிருந்து கீழ்வரை ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் எடுங்கள். யுபிஐ ரசீதில் யுடிஆர் எனப்படும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும், பணம் பெற்ற யுபிஐ ஐடியும் தெரிய வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டை ஸ்க்ரீன்ஷாட்டாக எடுக்காமல் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளுங்கள். அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. வழக்கு நீதிமன்றம் வரை போனால், 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். மூலப் போன் கையில் இருந்தால் அது எளிது.

ஒரு ஸ்டேஷனில் "நீங்கள் கேரளா, அங்கே போங்கள்" என்றும், இன்னொன்றில் "ஆள் தமிழ்நாடு, அங்கே போங்கள்" என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறவர்களுக்கு இது பழகிப்போன அலைச்சல். ஆனால் சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையிலும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிவு செய்து, வரும் எண்ணோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, ஏமாற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. இந்த இரண்டையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் முறையீட்டில் எதையும் மறைக்க வேண்டாம். நாணயம் வந்த நேரம், அளவு எல்லாம் அவர்களிடம் பதிவாகி இருக்கும். வெளியில் வாங்கியது விதிமீறல் என்று தெரிகிறது, ஏமாற்றப்பட்டேன், புகார் எண் இது, அந்த நாணயத்தை மட்டும் கழித்துக்கொண்டு கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று ஒரே ஒரு முறையீடாக எழுதுங்கள். தினமும் புதிது புதிதாகப் புகார் டிக்கெட் போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வேறு மெயிலில் புதுக் கணக்கு தொடங்கி உள்ளே நுழைய வேண்டாம். முடக்கத்தைச் சுற்றிவந்தார் என்று பழைய கணக்கையும் நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

பையன் வாங்கியது

சிறுவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது சரிதான். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோஹோரி பீபி வழக்கில் சொன்னதும் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் அதிலிருந்து நேராக "பணம் தானாகத் திரும்பும்" என்ற முடிவுக்கு வர முடியாது. கணக்கு உங்கள் பெயரில், கார்டு உங்களுடையது, ஓடிபி வந்தது உங்கள் போனுக்கு. அதே போன் பையன் கையில் இருந்ததால் அவனே பார்த்துப் போட்டிருக்கிறான். நிறுவனத்தின் கண்ணுக்கு வாங்கியது 33 வயதுப் பெண். வங்கியும் ஓடிபி சரியாக இருந்தது என்று கைவிரிக்கும்.

ப்ளே ஸ்டோரில் தவறுதலாக வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் கேட்டால் எளிதாகக் கிடைக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் இனி அந்த கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு நேரடியாக எழுத வேண்டும். ஒவ்வொரு வாங்குதலுக்கும் வந்த மெயிலில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அவை எல்லாவற்றையும், பையனின் வயதுச் சான்றையும், இரண்டு ராத்திரிக்குள் அடுத்தடுத்து நடந்த நேர விவரத்தையும் வைத்து எழுதுங்கள். பொருட்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் பையனை அந்த கேமைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். யாரோ தெரியாதவர் வாங்கிவிட்டார் என்று கூகுளிடம் புகார் செய்ய 120 நாள் அவகாசம் இருக்கிறதே, அந்த வழியில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பொய்ப் புகார் கொடுத்து அது வெளிப்பட்டால் உங்கள் மொத்த கூகுள் கணக்கும் சிக்கலில் மாட்டும். ஜிமெயில், போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்கும் முன் சரிபார்க்கும் இடத்தில் "எல்லா வாங்குதலுக்கும்" என்பதைத் தேர்ந்துவிடுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால், நீங்கள் ஒரு முறை பாஸ்வேர்டு போட்ட பிறகு வரும் அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுங்கள். யுபிஐ லைட்டில் சின்னத் தொகைக்குப் பின் நம்பரே கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலக்காடா, கோயம்புத்தூரா?

இரண்டும் திறந்திருக்கிறது. எல்லையில் வாழ்வதில் உங்களுக்குக் கிடைத்த ஒரே சட்ட வசதி இதுவாக இருக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ, பிழைப்புக்காக வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. எதிராளியின் அலுவலகம் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும் கவலையில்லை. வீடு பாலக்காடு மாவட்டம், வேலை கோயம்புத்தூர் மாவட்டம். ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் போடக்கூடாது. மில்லுக்கு லீவு போடுவதையும் தமிழில் பேசும் வசதியையும் பார்த்தால் கோயம்புத்தூர் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பாலக்காட்டைத் தேர்ந்தாலும் மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். எந்த அதிகாரியிடமும் அந்த மாநிலத்தில் வழங்கும் மொழியில் குறையை எழுதிக் கொடுக்க அரசமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் இருக்கிறது. இருந்தாலும் எதிராளி வெளிநாட்டு நிறுவனம் என்பதால், நுகர்வோர் ஆணையத்துக்குத் தரும் மனு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு வாய்தா மிச்சமாகும்.

நேராக வழக்குக்குப் போக வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை தரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அந்த விதிகள் பொருந்தும். கூடவே 1915இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். ₹3,596 அங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தீராவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் புகார். ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எதிராளியாக யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெளிநாட்டில் மட்டும் அலுவலகம் உள்ள நிறுவனத்துக்கு எதிராக உத்தரவு வாங்கினாலும் நிறைவேற்றுவது பெரும்பாடு. வங்கி ஸ்டேட்மென்ட்டில் பணம் பெற்றவர் என்று எந்த நிறுவனத்தின் பெயர் வருகிறதோ, அதன் இந்திய முகவரியைக் கண்டுபிடித்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனையைக் காட்டினால் அஞ்ச வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்று 2018இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற வாதத்தை மட்டும் மாவட்ட ஆணையத்தில் எடுக்காதீர்கள். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதால், அதை வைத்தே மனுவைத் திருப்பிவிடுவார்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை, இந்த இரண்டிலேயே நில்லுங்கள்.

நீங்கள் வரைந்தவை உங்களுடையவை

மனை போனதை மட்டுமே பார்த்து, உண்மையில் உங்களுக்குச் சொந்தமானதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் வரைந்த கசவுக் கரையும், ஜிமிக்கியின் வடிவமும் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்புகள். வரைந்த நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் கலைப்படைப்பு ஒன்றுக்கு ₹500 கட்டிப் பதியலாம். நிறுவனத்தின் விதிமுறைகள் பொதுவாக, தன் தளத்தில் அவற்றைக் காட்டவும் பயன்படுத்தவும் அனுமதி வாங்கிக்கொள்ளும். உரிமையையே எடுத்துக்கொள்கிறதா என்று அந்தப் பிரிவைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேயர் பிரிந்திருக்கும் மூலக் கோப்புகள் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் தேதி மாறாமல் ஒரு பென் டிரைவிலும் இன்னோர் இடத்திலும் நகலெடுங்கள். கணக்குத் திறக்காவிட்டாலும் அவை வேறோர் உலகத்துக்கோ, துணியில் அச்சடிப்பவரிடமோ போகலாம். மூன்று வருஷத்து உழைப்பு அதில்தான் இருக்கிறது.

வீட்டில்

இந்த வயதில் மெய்நிகர் உலகத்தில் நேரம் கழிப்பது பைத்தியக்காரத்தனமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை, வீடு, தூக்கம் எதையும் விடாமல் தினமும் ஒன்றரை மணி நேரம் வரைவதும் நாலு பேரோடு பேசுவதும் பொழுதுபோக்குதான். உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்வது, கட்டுப்பாடு கைமீறி, மற்ற எல்லாவற்றையும் தள்ளி, பாதிப்பு தெரிந்தும் பொதுவாக ஒரு வருஷம் போலத் தொடர்வதை. உங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழில் பேசலாம்.

உங்கள் சம்பளம் உங்களுடையது. அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்பேன். நோட்டீசுக்கான பதிலும், ஆணையத்தின் கடிதமும், ஒருவேளை போலீஸ் அழைப்பும் வீட்டு முகவரிக்குத்தான் வரும். தபால்காரர் கையிலிருந்து அவர் தெரிந்துகொள்வதைவிட, ஸ்டேட்மென்ட்டை மேஜையில் விரித்து நீங்களே சொல்வது மேல். நாத்தனாரிடம் பையன் விஷயத்தைச் சொல்லும்போதும் அவனை முன்னால் நிறுத்தி விசாரிக்காமல், ஆர்டர் மெயில்களைக் காட்டிப் பேசுங்கள். வயதுச் சான்றுக்கு அவர் உதவி உங்களுக்கு வேண்டும்.

மறுபடி அந்த உலகத்துக்குப் போகிறீர்கள் என்றால், சம்பளக் கணக்கை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மாதம் உங்களுக்குத் தோதான ஒரு தொகை, யுபிஐயில் அது மட்டும். ஆட்டோபே வேண்டாம், மாதாமாதம் நீங்களே கட்டுங்கள். நாணயம் வாங்குவது நிறுவனத்தின் கடையில் மட்டும், அதுவும் அந்த மாதம் செலவழிக்கப்போகும் அளவுக்கு மட்டும்.